ஊசி போடுறவங்களே தயங்கினப்ப: வேலூர் பக்கத்துத் தடுப்பூசி வரலாறு (நீண்ட த்ரெட்)

1/
2021 ஜனவரி 16. நாடு முழுக்க கொரோனா தடுப்பூசி தொடங்கின நாள். தமிழ்நாட்டில் 166 மையங்கள். ஒரு மையத்துக்கு ஒரு நாளைக்கு 100 பேர் என்பது கணக்கு. 16,600 பேர் போட்டிருக்கணும். போட்டுக்கிட்டவங்க 3,000 பேருக்கும் குறைவு.

2/
அன்னைக்கு பொதுமக்களுக்கு ஊசி கிடையாது. வரிசையில் இருந்தது மருத்துவப் பணியாளர்கள் மட்டும்தான். டாக்டர், ஸ்டாஃப் நர்ஸ், லேப் டெக்னீஷியன், வார்டு உதவியாளர், தூய்மைப் பணியாளர். அதாவது நாங்கதான் வரல.

3/
"படிச்சவங்களே இப்படியா?" என்று அப்போ பலர் கேட்டாங்க. நியாயமான கேள்வி. பதில் சொல்ல 200 வருஷம் பின்னாடி போகணும். வேலூர், ஆம்பூர் பக்கத்துக் கதை நிறைய வரும். நேரம் இருக்கும்போது படிங்க மக்களே.

4/
இந்தியாவில் முதல் தடுப்பூசி 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற 3 வயதுக் குழந்தைக்குப் போடப்பட்டது. பெரியம்மைக்கான ஊசி. சீக்கிரமே சென்னை மாகாணத்துக்கும் வந்துடுச்சு. நம்ம ஊர்ல அதுக்குப் பேரு "அம்மை குத்துறது".

5/
மக்கள் ஒத்துக்கல. அம்மை நோய் மட்டும் இல்ல, அம்மன் வீட்டுக்கு வந்திருக்கா என்ற நம்பிக்கை. அதோட, குத்துறதுக்கு வர்றவர் கம்பெனி அரசாங்கத்து ஆள். வேலூர்க் கோட்டையில் 1806-ல் சிப்பாய்கள் கிளர்ந்தது தலைப்பாகை, மதக்குறி விஷயத்தில் வந்த உத்தரவால்தான். உடம்பில் கை வைக்கிற எந்த உத்தரவையும் மக்கள் சந்தேகத்தோட பார்த்த காலம் அது.

6/
அரசாங்கம் கண்டுபிடிச்ச வழிகளில் ஒன்று சுவாரசியமானது. சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் துரை (திருக்குறள் மேல் பிரியம் வச்சிருந்த அதே எல்லிஸ்தான்), பசுவிலிருந்து வரும் மருந்தை நம்ம தெய்வங்களே பரிந்துரைப்பது போல ஒரு பழங்கதை பாணியில் எழுதினார். நோக்கம் நல்லது. வழி? ஏமாத்து.

7/
கதை எடுபடாத இடத்துல சட்டம் வந்தது. 1880-ல் இந்தியத் தடுப்பூசிச் சட்டம், ஊசியைக் கட்டாயமாக்க நகராட்சிகளுக்கு வழி செய்தது. 1970-களில் பெரியம்மை ஒழிப்பின் கடைசிக் கட்டத்தில் வட இந்தியாவின் சில இடங்களில் வீடு புகுந்து, பிடிச்சு வச்சுப் போட்டதும் நடந்தது. 1975-க்குப் பிறகு இந்திய மண்ணில் பெரியம்மை இல்லை. அது மாபெரும் சாதனை, சந்தேகமே இல்லை. ஆனா பிடிச்சு வச்சுப் போட்ட நினைவும் அந்த வீடுகளில் தங்கிடுச்சு.

8/
அடுத்தது காசநோய்க்கான பிசிஜி. 1948-ல் இந்தியாவில் இந்த ஊசி தொடங்கின இடங்களில் ஒன்று மதனப்பள்ளி. வேலூரிலிருந்து வடமேற்கே, சித்தூர் தாண்டி இருக்கிற ஊர். மருந்து தயாரானது கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில். கொஞ்ச வருஷத்துலயே எதிர்ப்பு கிளம்புச்சு. எதிர்த்தவர் யார் தெரியுமா? ராஜாஜி.

9/
ஆம், முன்னாள் முதலமைச்சர் ராஜாஜி. 1955-ல் வெளிப்படையா பிசிஜிக்கு எதிரா எழுதினார், பேசினார். படிக்காதவர், அறியாதவர் என்று அவரை ஒதுக்க முடியுமா? அரசுத் தரப்பு உலக நிபுணர்கள் சொல்லிட்டாங்க என்றது. அவர் தரப்பு நம்ப மாட்டேன் என்றது. ரெண்டு பக்கமும் உரக்கப் பேசினாங்க.

10/
பிறகு நடந்தது முக்கியம். 1968-ல் செங்கல்பட்டில் உலகின் மிகப்பெரிய பிசிஜி ஆய்வு தொடங்கியது. 1979-80 வாக்கில் முடிவு வெளிவந்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி அங்கே தடுக்கவில்லை. அதே சமயம் குழந்தைகளுக்கு வரும் மூளைக் காசநோய் போன்ற கடுமையான வகைகளிலிருந்து பிசிஜி காப்பாத்துது. அதனாலதான் இன்னைக்கும் பிறந்தவுடன் போடுறோம்.

11/
இதனால ராஜாஜி சொன்னது எல்லாம் சரி என்று ஆகாது. ஆனா "இது எவ்வளவு வேலை செய்யும்?" என்ற கேள்வி முட்டாள்தனமான கேள்வியும் இல்லை. கேள்வி கேட்கிறவரை எதிரியாப் பார்த்தா, அந்தக் கேள்விக்குள்ள இருக்கிற உண்மையான பாதியையும் சேர்த்து இழந்துடுவோம்.

12/
இதுக்கு வேலூரே சாட்சி. சிஎம்சி மருத்துவமனையில் வைராலஜி துறையை வளர்த்த டாக்டர் டி. ஜேக்கப் ஜான், போலியோ சொட்டு மருந்து 3 தவணை போட்ட குழந்தைக்கும் போலியோ வருவதைப் பார்த்தார். புத்தகம் 3 தவணை போதும் என்றது. அவர் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியை அளந்து பார்த்து, நம்ம ஊர்க் குழந்தைகளுக்கு அது போதாது என்று 1970-களிலேயே சொன்னார்.

13/
யோசிச்சுப் பாருங்க. மருத்துவத் துறைக்கு உள்ளேயே இருந்து ஒருத்தர் "இந்த மருந்து சொன்ன அளவு வேலை செய்யல" என்கிறார். இன்னைக்கு வாட்ஸ்அப்பில் யாராவது இதைச் சொன்னா என்ன பேர் வைப்போம்? அந்தக் கேள்வியிலிருந்துதான் கூடுதல் தவணைகளும், ஒரே நாளில் எல்லாக் குழந்தைக்கும் போடுற முறையும் வலுப்பெற்றன. 1980-களின் தொடக்கத்தில் வேலூர் நகரத்திலேயே அதைச் செய்து காட்டினாங்க. 2014 மார்ச் 27-ல் நம்ம பிராந்தியமே போலியோ இல்லாதது என்று சான்று பெற்றது.

14/
அடுத்து 2008 ஏப்ரல், திருவள்ளூர் மாவட்டம். தட்டம்மை ஊசி போட்டபின் 4 குழந்தைகள் இறந்தன. மாநிலமே அதிர்ந்தது. அதுக்கப்புறம் கிராமத்துத் துணை சுகாதார நிலையங்களில் ஊசி போடுறதை நிறுத்திட்டு, டாக்டர் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாத்தினாங்க.

15/
பாதுகாப்புக்காக எடுத்த முடிவு. ஆனா தாய்க்குத் தெரிஞ்ச, பேர் சொல்லிக் கூப்பிடுற கிராம சுகாதார செவிலியரிடமிருந்து ஊசி தூரம் போயிடுச்சு. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 2005-06-ல் சுமார் 81%. 2015-16-ல் சுமார் 70%. அடுத்த கணக்கெடுப்பில்தான் 89%-க்கு ஏறியது. சரிவுக்கு இது ஒன்றே காரணம் இல்லை. ஆனா இதுவும் ஒரு காரணம்.

16/
அந்தச் செவிலியரின் நிலையையும் நினைச்சுப் பாருங்க. 20 வருஷம் ஊசி போட்ட கை. திடீர்னு ஊரே அந்தக் கையைச் சந்தேகமாப் பார்க்குது. அவருக்குள்ளயும் பயம் வராதா? அந்தப் பயத்தைப் பத்தி உட்கார்ந்து பேசணும் என்று அப்போ யாருக்கும் பெருசாத் தோணல. சுற்றறிக்கைதான் போச்சு.

17/
2017 பிப்ரவரி. தட்டம்மை-ரூபெல்லா முகாம். தமிழ்நாட்டில் இலக்கு சுமார் 1 கோடியே 76 லட்சம் குழந்தைகள். வாட்ஸ்அப் வதந்தி வேகமாப் பரவி, முகாமை மார்ச்சுக்கும் நீட்டிக்க வேண்டியதாச்சு. பெற்றோர் ஓடிவந்து கேட்டது யாரை? பள்ளி டீச்சரை, தெரிஞ்ச நர்ஸை, பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரரை. "உங்க குழந்தைக்குப் போட்டீங்களா?" இந்த ஒரு கேள்விதான்.

18/
இப்ப 2021-க்கு வருவோம். மருத்துவப் பணியாளர்கள் ஏன் தயங்கினாங்க? எல்லாமே வதந்தி இல்லை. கோவாக்சினுக்கு ஜனவரி 3-ல் அனுமதி கொடுத்தப்ப மூன்றாம் கட்ட ஆய்வு முடிவு வெளிவரல. அதனால் தனி ஒப்புதல் படிவம் கேட்டாங்க. டெல்லி ஆர்எம்எல் மருத்துவமனை ரெசிடென்ட் டாக்டர்கள் முதல் நாளே கோவிஷீல்டு கொடுங்க என்று கடிதம் எழுதினாங்க. தரவைக் கேட்பது டாக்டரின் வேலை. அதை எப்படிக் குற்றம் சொல்வது?

19/
அப்புறம் ஏப்ரல். நடிகர் விவேக் 15-ஆம் தேதி ஓமந்தூரார் மருத்துவமனையில் ஊசி போட்டுக்கிட்டார். மக்களும் போட்டுக்கணும் என்று சொல்லத்தான் போனார். 17-ஆம் தேதி மாரடைப்பில் காலமானார். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று தேசியக் குழு விசாரிச்சுச் சொல்ல மாதக்கணக்கு ஆச்சு. அதுக்குள்ள அந்த ரெண்டு தேதிகளும் எல்லார் மனசுலயும் ஒட்டிக்கிச்சு.

20/
அதே நாட்களில் வேலூர் சிஎம்சியில் என்ன நடந்தது? மொத்த ஊழியர்கள் சுமார் 10,600. ஜனவரி 21-லிருந்து ஏப்ரல் 30-க்குள் 8,991 பேர் குறைந்தது ஒரு தவணை போட்டுக்கிட்டாங்க. சுமார் 85%. நல்ல எண்ணிக்கை. ஆனாலும் உலகப் பெயர் பெற்ற ஒரு மருத்துவமனைக்குள்ளயே 1,609 பேர் போடாம இருந்தாங்க.

21/
இரண்டாம் அலை அடிச்சு ஓய்ந்த பிறகு அங்குள்ள மருத்துவர்கள் கணக்கெடுத்து வெளியிட்டாங்க:

போடாத 1,609 பேரில் தொற்று 438 (27.2%).
ரெண்டு தவணை போட்ட 7,080 பேரில் தொற்று 679 (9.6%).

ஆஸ்பத்திரியில் சேர்ந்தவங்க: போடாதவங்களில் 64, போட்டவங்களில் 64.

22/
கடைசி வரியைப் பார்த்து "ரெண்டும் 64 தானே, அப்புறம் எதுக்கு ஊசி?" என்று தோணும். ஒரு பக்கம் 1,609 பேரில் 64. இன்னொரு பக்கம் 7,080 பேரில் 64. அதாவது 4%-க்கு எதிரா 0.9%. ஐசியு போனவங்க 8-க்கு எதிரா 2. இறந்த ஒரே ஊழியர் ஊசி போடாதவர், அவருக்கு ஏற்கெனவே வேறு நோய்களும் இருந்தன.

23/
இது ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரிச்சுச் செய்த ஆய்வு இல்லை, நடந்ததை எண்ணிப் பார்த்தது. அந்த எல்லையோடவே சொல்றேன், இவ்வளவு தெளிவான உள்ளூர்க் கணக்கு கிடைப்பது அரிது. ஆனா என் கேள்வி வேற. இந்தக் கணக்கைக் கையில் வச்சிருக்கிற நான், தயங்கி நிற்கிற ஒரு வார்டு உதவியாளரிடம் எப்படிப் பேசணும்?

24/
வழக்கமான முறை இது. உதாரணத்துக்குத்தான் எழுதுறேன்:

"ஏன்க்கா இன்னும் போடல?"
"பயமா இருக்கு சார்."
"என்ன பயம்? இவ்வளவு பேர் போட்டிருக்காங்க. நாளைக்குப் போட்டுட்டு வந்து சர்ட்டிபிகேட் காட்டுங்க."
"சரி சார்."

25/
அந்த "சரி சார்" இருக்கே, அதை நம்பாதீங்க. பேச்சை முடிக்கிறதுக்கான வார்த்தை அது. அவர் போட்டுக்காம இருக்கலாம். போட்டுக்கிட்டாலும், சாயங்காலம் தெருவில் நாலு பேர் கேட்டா "கட்டாயப்படுத்தினாங்க, வேற வழியில்ல" என்பார். உத்தரவால் கையை வாங்கிடலாம். வாயை வாங்க முடியாது. ஊர் கேட்கிறது அந்த வாயைத்தான்.

26/
இங்கேதான் மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்ற உரையாடல் முறை வருது. பிறந்தது தடுப்பூசிக்காக இல்லை, குடிநோயாளிகளுக்காக. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-ல் எழுதினார். பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து 1991-ல் புத்தகமா வந்தது.

27/
அவர் கவனிச்சது எளிமையான விஷயம். குடிக்கிறவர் மனசுக்குள்ள "விடணும்", "வேணாம்" ரெண்டு குரலும் இருக்கு. நாம "விடு" என்று அழுத்தினா, அவர் மிச்சமிருக்கிற "வேணாம்" பக்கத்தை எடுத்து வாதாடுவார். வாதாட வாதாட, தான் சொல்றதைத் தானே நம்பிடுவார். அதனால மாறணும் என்பதற்கான காரணம் அவர் வாயிலிருந்து வரணும். நம்ம வேலை அது வர இடம் கொடுக்கிறது.

28/
இதைத் தடுப்பூசிக்குக் கொண்டுவந்தது கனடாவின் கியூபெக் மாகாணம். ஷெர்புரூக் பல்கலைக்கழகக் குழந்தை மருத்துவர் அர்னோ கான்யர் குழு, பிரசவ வார்டிலேயே தாய்மார்களிடம் இப்படிப் பேசிப் பார்த்தது. போடணும் என்ற எண்ணமும் கூடியது, ஊசி பெற்ற குழந்தைகளும் கூடினாங்க. பிறகு மாகாணம் முழுக்க விரிவாக்கினாங்க.

29/
"அதெல்லாம் கனடா சார், இங்க கூட்டத்துல நடக்குமா?" கோவாவில் நடந்திருக்கு. அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களில் குடிப்பழக்கத்துக்கு இந்த முறையில் ஆலோசனை கொடுத்தவங்க மனநல மருத்துவர்கள் இல்லை. பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். 2017-ல் லான்செட்டில் வந்த முடிவு: சிகிச்சை பெற்றவர்களில் 36% தேறினாங்க, வழக்கமான கவனிப்பில் 26%. நம்ம நாட்டுச் சுகாதார நிலையத்தில், நம்ம ஆட்களால் முடியும்.

30/
சரி, அதே அக்கா. இப்ப வேற மாதிரி:

"அக்கா, இந்த ஊசியைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?"
"போட்டா ரெண்டு நாள் காய்ச்சல் அடிக்குதாம் சார்."
"காய்ச்சல் வந்தா வேலைக்கு வர முடியாதேன்னு யோசிக்கிறீங்க."
"ஆமா சார். நான் கான்ட்ராக்ட். வரலைன்னா அன்னைக்குச் சம்பளம் இல்ல."

31/
"வீட்டை நீங்க ஒருத்தரே தூக்கிட்டு ஓடுறப்ப ரெண்டு நாள் சம்பளம் பெரிய விஷயம்தான். போட்டுக்கலாம்னு எப்பவாவது தோணியிருக்கா?"
"எங்க மாமியாருக்கு சுகர் சார். நான் கோவிட் வார்டுல இருந்து நேரா வீட்டுக்குத்தான் போறேன். அதை நினைச்சாதான்..."
"அவங்களுக்கு எதுவும் ஆயிடக்கூடாதுன்னு இருக்கு."
"ஆமா சார்."

32/
"வேலூர்ல உங்களை மாதிரி ஆஸ்பத்திரியில வேலை செய்றவங்களை வச்சே ஒரு கணக்கு எடுத்திருக்காங்க. சொல்லட்டுமா?"
"சொல்லுங்க சார்."
"போடாதவங்கள்ல நூத்துக்கு 27 பேருக்கு வந்திருக்கு. ரெண்டு ஊசி போட்டவங்கள்ல 10 பேருக்கு. வரவே வராதுன்னு இல்ல, குறைவு. காய்ச்சல், உடம்பு வலி நிறைய பேருக்கு ஒரு நாள், ரெண்டு நாள் இருக்கும். கேட்டா என்ன தோணுது?"
"சனிக்கிழமை போட்டா ஞாயிறு எனக்கு ஆஃப். திங்கள் வந்துடலாம் இல்ல சார்?"

33/
என்ன நடந்தது பாருங்க. ஆமா/இல்லைன்னு முடியாத கேள்வி. அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லிக் காட்டினது. அவர் கஷ்டத்தை மதிச்சது. அனுமதி கேட்டுட்டுத் தகவல் சொன்னது, சொன்னதும் அவர் கருத்தைக் கேட்டது. சனிக்கிழமை என்ற தீர்வு அவருடையது. பயம் என்று நாம நினைச்சது பயமே இல்லை, சம்பளக் கணக்கு.

34/
ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் வேலை பார்க்கிற டாக்டர்களுக்கு இது நல்லாப் புரியும். கம்பெனி பஸ்ஸில் ஷூ கம்பெனிக்குப் போற பெண்கள், டேனரியில் வேலை செய்றவங்க, எல்லாருக்கும் ஒரு நாள் லீவு என்பது ஒரு நாள் கூலி. பாலாற்றுத் தண்ணி கெடுறதைப் பல வருஷம் சொல்லிச் சொல்லி, 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபிறகுதான் கவனிப்பு கிடைச்ச ஊர்கள் இது. "உங்க நல்லதுக்குத்தான்" என்று மேலிருந்து சொன்னா உடனே நம்பிட மாட்டாங்க. நம்பாததுக்கு அவங்களுக்குக் காரணம் இருக்கு.

35/
ரெண்டு எச்சரிக்கை. ஒன்று, இது நைசாப் பேசி ஊசியைத் தள்ளிவிடுற வித்தை இல்லை. கேட்டுட்டு அவர் "வேணாம்" என்றால் அதையும் ஏத்துக்கணும், கதவைத் திறந்து வைக்கணும். பக்கவிளைவே கிடையாது என்று பொய் சொல்லக் கூடாது. அப்படிச் செஞ்சா நாமும் எல்லிஸ் துரை ஆயிடுவோம்.

36/
ரெண்டு, பேச்சு மட்டும் போதாது. ஊசி போட்ட மறுநாள் சம்பளத்தோட லீவு கொடுக்க வேண்டியது நிர்வாகத்தின் வேலை. அதை எந்த உரையாடலாலும் ஈடுகட்ட முடியாது.

37/
கட்டாயத்தைப் பத்தியும் சொல்லிடணும். 2022 மே 2-ல் ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம், யாரையும் வலுக்கட்டாயமா ஊசி போட வைக்க முடியாது, அது உடல் மீதான உரிமை என்றது. அரசின் தடுப்பூசிக் கொள்கை நியாயமானதே என்றும் சொன்னது. மீதி இருப்பது உரையாடல்தான்.

38/
இது முடிஞ்சுபோன கொரோனாக் கதை இல்லை. 14 வயதுப் பெண் குழந்தைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி தரப்படும் என்று தமிழ்நாடு அரசு 2025 பட்ஜெட்டில் அறிவிச்சது. அடுத்த தயக்கம் இங்கேதான். "வயசுக்கு வந்த புள்ளைக்கு இந்த ஊசி எதுக்கு? பின்னாடி குழந்தை பிறக்குமா?" இந்தக் கேள்வி வரும். கேள்வி முதலில் வருவது டாக்டரிடம் இல்லை. கிராம சுகாதார செவிலியரிடமும் கம்பெனி நர்ஸிடமும்.

39/
அந்த அம்மாக்கள் கேட்கப்போறது ஒன்றுதான்: "சிஸ்டர், உங்க பொண்ணுக்குப் போட்டீங்களா?"

அந்தச் சிஸ்டர் மனசில் தயக்கம் இருந்தா நம்ம போஸ்டர், மைக், சுற்றறிக்கை எதுவும் நிற்காது.

40/
அதனால சக மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முகாம் தேதி குறிக்கும் முன்னாடி உங்க செவிலியர்களோடு ஒரு டீ குடிங்க. "இந்த ஊசியைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேளுங்க. கேட்டுட்டு, பத்து நிமிஷம் குறுக்கே பேசாம இருங்க. நமக்கு ரொம்பக் கஷ்டமான வேலை அதுதான்.

சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, பதில் சொல்றேன்.